கையெழுத்துப் போடாதே, விஜயா

கருங்குழி
3.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

விஜயா எழுதிக்கொண்டது. நான் ஏதோ இருக்கிறேன், நீங்களாவது நல்ல சௌக்கியமாக இருக்க வேண்டும். நம்பரை மாற்றிவிட்டு, இறால் பண்ணையில் சிக்னல் கிடைக்காது என்று சொல்லிவிட்டீர்கள். பீமாவரத்தில் மட்டும்தான் டவரே கிடையாது போலிருக்கிறது. அதனால்தான் தபால்.

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். சித்திரையில் ஓட்டல் சமையல்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தும் அருவாமனை பிடிக்க வரவில்லை. முதலாளி நல்ல மனுஷன், டோக்கன் கிழித்துக் கொடுக்க உட்காரவைத்திருக்கிறார். சம்பளம் பாதிதான். நீங்கள் பேங்கில் போடுகிற கொஞ்சப் பணம் மருந்துக்கே சரியாகிவிடுகிறது.

இப்போது ஒரு பெரிய தலைவலி. நம் தெருவில் பாதாள சாக்கடை வருகிறது. வீட்டுக்கு இணைப்பு வேண்டுமென்றால் பேரூராட்சியில் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குளிக்கிற தண்ணீர் போகக்கூட வழியில்லை, ஏனென்றால் பழைய கால்வாயை மூடி சிமென்ட் ரோடு போடப்போகிறார்கள். அம்மா எனக்கென்று எழுதிவைத்த ஒரே வீடு. அதில் தண்ணீர் தேங்கி நாறினால் நான் எங்கே போவேன்?

கஷ்டப்படுகிறவர்களுக்குச் சலுகை உண்டு என்றார்கள், போனேன். அங்கே சிநேகா என்று ஒரு பெண், நம் பக்கத்துப் பெண்தான், பொறுமையாகச் சொன்னாள். "அக்கா, புருஷன் செத்தவங்க, மாற்றுத்திறனாளி, புருஷன் வுட்டுட்டுப் போனவங்க, இவங்களுக்குத்தான் கீது. மாசம் நூறு ரூபா கட்டுனா போதும், மிச்சத்த பேரூராட்சியே பாத்துக்கும். நீங்க இன்னா போடணும் சொல்லுங்க." வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீங்கள் சூப்பர்வைசர் என்றும், ராத்திரி பஸ்ஸில் வந்து விடியற்காலை பஸ்ஸில் போய்விடுகிறீர்கள் என்றும் தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பொன்னி வாரம் தவறாமல் கேட்பாள், "இன்னாடி, ஊட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" நானும் ஏதாவது சொல்வேன். அப்படிச் சொல்லிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு அந்த வார்த்தையை எழுதிக் கொடுப்பேன்? நீங்கள் ஒரு தடவை வாருங்கள். இல்லையென்றால் பணம் அனுப்புங்கள். இரண்டும் முடியாதென்றால் நான் என்ன எழுதட்டும், அதையாவது சொல்லுங்கள்.

உங்கள்
விஜயா

பீமாவரம்
19.6.2024

விஜயாவுக்கு,

பூபாலன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. கையை அலட்சியம் பண்ணாதே. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் காட்டு.

அந்தக் கையெழுத்தை மட்டும் போடாதே விஜயா. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். நான் உன்னை விட்டுவிட்டுப் போனவன் இல்லை. கடப்பாக்கத்தில் குத்தகைக்கு எடுத்த இறால் குட்டையில் உன் நகை எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒரே வாரத்தில் மொத்தமும் போனது. உன் கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்க்க முடியாமல் கிளம்பியவன் நான். ஒரு சங்கிலியாவது வாங்கிக்கொண்டுதான் நம் வீட்டுப் படி ஏற வேண்டும் என்று ஒரு வைராக்கியம். அது இப்படியே பதினோரு வருஷமாகும் என்று நான் நினைத்தேனா?

இங்கே எனக்கு யாரும் இல்லை. நீ மனதில் எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாய், அதனால் சொல்கிறேன். தீவனக் கொட்டகையில் ஒரு ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன். தெலுங்கு இன்னும் சரியாக வரவில்லை. பண்ணையில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. குட்டைக் கரையில் நடக்கும்போது தனியாக ஏதாவது பேசிக்கொண்டு போவேன்.

ஆடி முடிவதற்குள் அறுவடை. பணத்தோடு நானே நேரில் வருகிறேன். அதுவரைக்கும் ஏதாவது சொல்லி நாளைத் தள்ளு.

பூபாலன்

கருங்குழி
19.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது.

நீங்கள் எழுதியதை நம்பி சிநேகாவிடம் தவணை கேட்டேன். அவளும் மேலே பேசி, செப்டம்பர் கடைசிவரை வாங்கிக் கொடுத்தாள். ஆடிப் பதினெட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஜிஎஸ்டி ரோட்டில் விழுப்புரம் பக்கமிருந்து வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன், அதுவல்ல, நெல்லூர் பக்கமிருந்து வருகிறவர் சென்னையிலிருந்துதானே வருவார் என்று பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் நீங்கள் எந்தப் பக்கமிருந்து வருவீர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் போய் நின்றேன். குழம்பை மறுநாளும் நான்தான் சாப்பிட்டேன்.

நான் எப்போது சங்கிலி கேட்டேன்? நகை போன அன்றைக்கு ஒரு பாட்டம் அழுதேன், அவ்வளவுதானே. நீங்கள் போனதற்கு அழுதது இன்னும் முடியவில்லை. கையில் கட்டுப் போட்டிருந்த நாட்களில் தலை பின்னிவிட ஆளில்லை. அள்ளி முடிந்துகொண்டே ஓட்டலுக்குப் போனேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறவளும் நான், குடிக்கிறவளும் நான். விட்டுவிட்டுப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி மாமா, அப்படியென்றால் இதற்கு வேறு என்ன பேர்? நீங்களே ஒன்று சொல்லுங்கள். அதையே ஆபீசில் எழுதிக் கொடுக்கிறேன்.

எதிர்வீடு வரைக்கும் குழாய் பதித்துவிட்டார்கள். நம் வாசலில் பள்ளம் மட்டும் இருக்கிறது. பலகை போட்டுத்தான் வெளியே போகிறேன். வாருங்கள். வெறும் கையோடு வாருங்கள். படி ஏறும்போது உங்களை யார் சோதனை போடப்போகிறார்கள்?

உங்கள்
விஜயா

பீமாவரம்
4.9.2024

விஜயாவுக்கு,

அறுவடைக்கு விலை இல்லை. முதலாளி சம்பளத்தை நிறுத்திவைத்திருக்கிறார். இந்த நிலைமையில் எப்படி வருவது? பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன், வழக்கம்போல் பேங்கில் போடுகிற பணத்தையும் சேர்த்துக் கையில் தருகிறேன்.

அந்தக் கையெழுத்தைப் போட்டால் விசாரணைக்கு ஆள் வரும், தெருவே சிரிக்கும். கடப்பாக்கத்தில் என் தம்பி காதுக்குப் போனால் அப்புறம் நான் அங்கே தலைகாட்ட முடியாது. கொஞ்சம் என் மானத்தையும் பார்.

பூபாலன்

கருங்குழி
6.10.2024

மாமாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். மறுநாளே, புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்கிற சான்றிதழுக்கு என் முழுப்பெயரில் எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் சொன்னபடியே விசாரணைக்கு விஏஓ வந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிடுங்கள் என்றார். ராத்திரி பஸ்ஸில் வருகிறார் என்று நான் சொன்னதை இவர்கள் அப்படியே சொல்லிவிடுவார்களே, சலுகையும் போய் மானமும் போகுமே என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு ஜெபக்குமார் லாரி ஓட்டிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். "நாங்க குடி வந்து ஒம்பது வருசம் ஆவுது சார். அவர நான் கண்ணால பாத்ததே இல்ல. அந்தம்மா தனியாத்தான் கீது," என்றார். பொன்னியும் அதையேதான் சொன்னாள். மற்ற இரண்டு பேரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை மாமா.

அவர் போனபிறகு பொன்னியைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்தேதான் வாரா வாரம் கேட்டாயா என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பின்ன இன்னா? தீவாளிக்கு நீயே பொடவ எடுத்துகினு வந்து, அவுரு அனுப்பிச்சாருன்னு காட்டுவ. நல்லா கீதுன்னு சொல்லுவோம். உன்ன பேச வைக்க வேற இன்னா கேக்கறது? நாங்க கேக்காங்காட்டி நீ வாயே தொறக்க மாட்டியேடி," என்றாள். நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். ஒரு மனுஷி மடியில் தலைவைத்து எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா?

போன வெள்ளிக்கிழமை இணைப்புக் கொடுத்தார்கள். பள்ளத்தை மூடியாயிற்று. முதல் மாதத்து நூறு ரூபாயைக் கட்டிவிட்டேன்.

இனி பேங்கில் பணம் போடாதீர்கள். பொங்கலுக்கும் வர வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கோபமெல்லாம் எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த நாலு பேரும் பிழைப்பைப் போட்டுவிட்டு வந்து எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இப்போது வந்து வாசலில் நின்றால், அவர்கள் சொன்னது பொய்யாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டு யாரோடாவது பேசுங்கள்.

விஜயகுமாரி