ஏனாம் ஆர்டரும் அத்தையின் உப்பும்

3 ஜூன் 1983, வெள்ளி

ஆர்டர் வந்தேவிட்டது. ஏனாம்.

பாண்டிச்சேரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எவனோ ஒரு புண்ணியவான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். காரைக்காலில் அரசாங்க வேலை பார்க்கிறவர்களை மேலிடத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் ஒன்று மாகி, இல்லையென்றால் ஏனாம். மாகி என்றாலும் மலையாளம், பாதி புரியும். ஏனாம் என்றால் தெலுங்கு, அதில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. "வயிற்றால் போகிறதா" என்று ஒரு நர்ஸ் நோயாளியிடம் எப்படிக் கேட்பது? நடித்துக் காட்டுவதா?

ஜூலை நடுவில் போய்ச் சேரவேண்டுமாம். இவர் மில் ஷிப்டு முடிந்து வந்து ஆர்டரைப் படித்துவிட்டு, மனு எழுதிப் போட்டுப் பார்க்கலாம் என்றார். கோவிந்தராசு என்று பெயர் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையில் செய்ததெல்லாம் மனு எழுதியதுதான்.

அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "போவட்டுமே. அங்க போயாவது ஒரு ரசம் வக்கக் கத்துக்கட்டும்." பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்துக்கூட இல்லை. ஆறு வருஷமாக என் சமையலுக்கு இதே பாட்டுதான். கட்டிக்கொண்ட பெண்ணுக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்பதற்காக உப்பே வேண்டாம் என்று விட்ட சாமி அல்லவா ஒப்பிலியப்பன்! எனக்கு அந்தச் சாமிதான் சரியான மாப்பிள்ளையாம், தன் மகன் மாட்டிக்கொண்டானாம்.

நான் போனால் கிழவிக்குக் கொண்டாட்டம். இருக்கட்டும்.

8 ஜூன், புதன்

வார்டு நிரம்பி வழிகிறது. வெயில், ஈ, மாம்பழம். மூன்றும் சேர்ந்தால் வாந்திபேதிதான்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடியுங்கள் என்று காலையிலிருந்து கத்தித் தொண்டை போய்விட்டது. எல்லோருக்கும் பாட்டில் வேண்டும். கையில் ஊசி குத்தி, கம்பியில் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம். காரைக்கால்மேட்டு மருதையன், கண் உள்ளே போய், நாக்கு காய்ந்து கிடக்கிறான், வாய்க்கு மட்டும் குறைவில்லை. "உப்புத்தண்ணி குடிக்கணும்னா நான் ஏன் பஸ் ஏறி இங்க வரணும், கடலு எங்க வீட்டு வாசல்லல்ல கெடக்கு" என்கிறான். சிரித்துக்கொண்டே ஒரு தம்ளர் ஊற்றிவிட்டேன். வாந்தி எடுத்தான். மறுபடி ஊற்றினேன், இந்தத் தடவை கரண்டி கரண்டியாக. நின்றது.

வீட்டுக்கு வந்தும் நாக்கு நிற்கவில்லை. "அத்தை, வெயில் காலம், தண்ணி நெறயக் குடிங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் ஒரு சொம்பு குடித்தாள். நான் சொன்னதை அவள் கேட்ட முதல் சரித்திரம்.

15 ஜூன், புதன்

ரம்ஜான் நோன்பு பிடித்துவிட்டார்கள். எங்கள் டாக்டர் ஜெகபர் சாதிக் உதடு வெடித்து, எச்சில் விழுங்காமல் ரவுண்டு வருகிறார். கட்டில் கட்டிலாக நின்று "தண்ணி குடி, தண்ணி குடி" என்கிறார். பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

19 ஜூன், ஞாயிறு

அத்தை இன்று என்னைத் திட்டவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை.

22 ஜூன், புதன்

நாலு நாளாக ஒரு மாதிரி இருக்கிறாள். பல் வலி என்று தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொள்கிறாள். ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்கிறாள். விளக்கில் எண்ணெய்க்குப் பதில் மோரை ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் வயசாகிறது என்கிறார்.

பிரஷர் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. பிரஷருக்கு எங்கள் டாக்டர் எழுதின நீர் பிரிகிற மாத்திரை வேலை செய்கிறது. தினமும் காலையில் நான்தானே உரித்துக் கையில் வைக்கிறேன்.

25 ஜூன், சனி

மாங்கனித் திருவிழா, காரைக்கால் அம்மையார் பேரால் ஊரே மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிற நாள்.

போன வருஷம் இதே சாமி ஊர்வலக் கூட்டத்தில் ஒரு மாம்பழத்துக்காக அத்தை ஒரு போலீஸ்காரரை முழங்கையால் இடித்தாள். இந்த வருஷம் மாடியிலிருந்து இறைத்த பழம் நேராக அவள் மடியிலேயே வந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். உருண்டு போனது. எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாந்தி. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். தட்டிவிட்டாள். "வெறுந்தண்ணி குடு" என்றாள். கொடுத்தேன். கேட்கக் கேட்கக் கொடுத்தேன்.

26 ஜூன், ஞாயிறு

இழுப்பு வந்துவிட்டது. சமையல்கட்டில். பல் கிட்டி, கண் மேலே போய்... எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன்! ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் ஒன்றும் திணிக்காதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் கையில் இவர் சாவிக்கொத்தைத் திணிக்கப் போனார், பிடுங்கி எறிந்தேன். அவ்வளவுதான் என் நர்சிங்.

என் வார்டிலேயே என் கையாலேயே படுக்க வைத்தேன். ஊசி போட்டு இழுப்பு நின்றது, தெளிவு வரவில்லை. பக்கவாதமாக இருக்கலாமோ என்று டாக்டர் கை காலைத் தட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறது. சர்க்கரை சரி. ரத்தத்தில் உப்புகளின் அளவு பார்க்க இங்கே வசதி இல்லை, தஞ்சாவூருக்குத்தான் அனுப்பவேண்டும். இவரே ரத்தத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மனு எழுதுகிறவர் என்று எழுதினேன் அல்லவா, வாபஸ்.

கிழவி போய்விடுவாளோ? எனக்குப் பயமாக இருக்கு. ரொம்பப் பயமாக இருக்கு.

27 ஜூன், திங்கள்

எழுதியே ஆகவேண்டும், இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

காலையில் கண் திறந்தாள். நான் வெள்ளை யூனிபாரத்தில் நின்றேன். என்னை அடையாளம் தெரியவில்லை. "வாங்க நர்சம்மா, உக்காருங்க" என்றாள்! என்னை! வாங்க போட்டு! சுற்றிலும் பார்த்துக்கொண்டேன், வேறு யாரும் இல்லை.

"எம் மருமவளும் நர்சுதாங்க. ஏனாத்துக்கு மாத்திட்டானுவ" என்றாள். அப்படியா என்றேன். கிட்டே வரச் சொன்னாள். "ஆர்டரு ரத்தாவணும்னு ஒப்பிலியப்பனுக்கு வேண்டிக்கிட்டு உப்பை விட்டிருக்கேன். ஒரு மண்டலம். அவகிட்ட சொல்லிறாதீங்க, தலைக்கு மேல ஏறிக்குவா."

நான் ஓடினேன். ரவுண்டில் இருந்த டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தேன், இத்தனை வருஷ சர்வீசில் அப்படிச் செய்ததில்லை.

அவர் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். மாத்திரை மூத்திரத்தோடு உப்பையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. இவள் வாய் வழியாக ஒரு கல் உப்பு உள்ளே போடவில்லை. மீதி இருந்ததையும் நான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கரைத்திருக்கிறேன். உப்பு அந்த அளவுக்கு இறங்கினால் மூளைக்குள் தண்ணீர் ஏறி வீங்கிவிடும், அதுதான் மறதி, வாந்தி, இழுப்பு எல்லாம். மாத்திரையை எழுதினவர், விரதம் இருந்தவள், தண்ணீர் ஊற்றினவள், மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை.

மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற்றுகிறோம், மெதுவாக. அவசரப்பட்டு ஏற்றினால் மூளை அந்த வேகத்தைத் தாங்காதாம், வேறு கேடு வரும். நானே பக்கத்தில் உட்கார்ந்து சொட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன். விழுந்துவிடாமல் இருக்கக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் பலகை கட்டினேன், குடித்ததும் போனதும் எவ்வளவு என்று அளந்து எழுதுகிறேன். வெறுந்தண்ணீர் அளவோடுதான். அந்தக் கோடியில் மருதையன் வகையறாவிடம் "குடிங்க, குடிங்க" என்று கெஞ்சுகிறேன், இந்தக் கோடியில் "குடிக்காதீங்க" என்று சொம்பைப் பிடுங்குகிறேன். எனக்குப் பைத்தியம் என்று வார்டு முடிவு கட்டியிருக்கும்.

எனக்காகவா? ரசம் வைக்கத் தெரியாத எனக்காகவா?

28 ஜூன், செவ்வாய்

கொஞ்சம் தெளிவு வந்தது. வந்ததும் வம்பும் வந்தது.

பாட்டிலைப் பார்த்து அது என்ன என்று கேட்டிருக்கிறாள். ஆயா அல்லி, நல்ல பெண், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது, "உப்புத்தண்ணி ஆச்சி" என்று சொல்லியிருக்கிறாள். நான் டிரஸ்ஸிங் முடித்துத் திரும்பி வருவதற்குள் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். போர்வையெல்லாம் ரத்தம். விரதத்தைக் கெடுத்துவிட்டேனாம். சாமி குத்தமாம். மறுபடி குத்தவந்தால் கையைக் கடிப்பாளாம்.

டாக்டர் வந்தார். நோன்பின் களைப்பு முகத்தில் தெரிந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "எங்க நோம்புலயும் சீக்காளிக்கு விலக்கு இருக்கும்மா. ஒடம்பு தேறுனதும் விட்டத நோத்துக்கலாம்."

"ஒங்க ஆண்டவன் நல்லவரு" என்றாள் அத்தை. "எங்க ஆளுகிட்ட யாரு போயி கேக்குறது?"

பூக்கட்டிக் கேட்கலாம் என்றேன். அவள் முகம் மாறியது. பூக்கட்டிக் கேட்டால் சாமியே சொன்ன மாதிரி, அதற்கு மேல் அப்பீல் இல்லை. வெள்ளைப் பூ வந்தால் விரதத்தைத் தள்ளிவைக்கலாம், சிவப்பு வந்தால் ஊசி கிடையாது என்று பேசி முடித்தோம். அல்லி போய் மல்லிகையும் செவ்வரளியும் கொண்டுவந்தாள்.

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் மல்லிகை. அரளியை ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். ஒப்பிலியப்பன் கோபித்தால் கோபிக்கட்டும், என் அத்தை, என் வார்டு. பெண்டாட்டிக்காக உப்பை விட்டவருக்கு இதுகூடவா புரியாது?

வார்டு வாசலில் இருக்கிற பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவந்து நீட்டினேன். ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை நீட்டினாள். நரம்பு கிடைக்க இரண்டு தடவை குத்தவேண்டியிருந்தது, ஒரு முனகல்கூட இல்லை.

மற்ற பொட்டலம் என் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதப் பிரிக்காத" என்றாள். "சாமிய ரொம்பச் சங்கடப்படுத்தக் கூடாது."

தெரிந்திருக்கிறது. தெரிந்தே கையை நீட்டியிருக்கிறாள். நான் அங்கேயே கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். நீங்க செத்துப்போயிட்டா நான் எந்த ஊர்ல இருந்து என்ன, யாருகிட்ட வசவு வாங்குறது என்று கேட்டேன். ஊசி இல்லாத கையால் என் நர்ஸ் தொப்பியைச் சரி பண்ணினாள்.

30 ஜூன், வியாழன்

நேற்று "ஏய்" என்றாள். இன்று போர்வை சரியாக விரிக்கவில்லை என்றாள். உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

ரவுண்டில் டாக்டர் நாடியைப் பார்ப்பதற்கு முன் என்னைக் கேட்கிறார், இன்றைக்கு எத்தனை திட்டு என்று. இதைவிட நல்ல பரிசோதனை தஞ்சாவூரில்கூட இல்லையாம்.

2 ஜூலை, சனி

என் அம்மா வீட்டையும் சேர்த்துத் திட்டினாள். முழுக் குணம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

5 ஜூலை, செவ்வாய்

தஞ்சாவூரிலிருந்து ரத்த முடிவு இன்றுதான் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு இந்த அளவோடு இந்த அம்மா பேசியதே அதிசயம் என்றார். அவர் அத்தையின் வாயைப் பற்றி இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

12 ஜூலை, செவ்வாய்

பெருநாள். டாக்டர் வீட்டிலிருந்து தூக்கில் பிரியாணி வந்தது.

மனுவுக்குப் பதிலும் வந்தது. ரத்து இல்லை.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் தவித்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்தாள். தேறியதும் மிச்ச விரதத்தை முடிப்பதாகக் கணக்கு வைத்திருந்தாளே, அதை முடித்துவிடப் போகிறாளோ என்று பிரியாணித் தூக்கைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"வேலையே நடக்கல. கூலி எதுக்கு?" என்றாள். பிரியாணியை இழுத்து வைத்துக்கொண்டு, ஊறுகாய் எங்கே என்று கேட்டாள்.

அளவாகத்தான் வைத்தேன். பிரஷர் இருக்கிறதே.

16 ஜூலை, சனி

பெட்டி கட்டினேன். நாலு யூனிபாரம், ஐந்து புடவை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் மேலே இரண்டு நூல் புடவை இருக்கிறது, என்னுடையது அல்ல. கீழே புளி, வத்தல், ஒரு மண்சட்டி.

இவர், எங்கேம்மா கிளம்பிட்ட என்று கேட்டார். "இவ அங்க தனியாப் போயி என்னத்தத் தின்னுவா?" என்று என்னைக் காட்டினாள். அப்போ நான் என்று இவர் கேட்டதற்கு, மில் கேன்டீன் இருக்கிறதே என்றாள்.

28 ஆகஸ்டு, ஞாயிறு, ஏனாம்

இவர் லீவு போட்டு வந்திருந்தார், அத்தையை அழைத்துப் போக. கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, இளைத்துத்தான் இருக்கிறார். மூன்று நாளாகக் கெஞ்சினார். ஊரில் வீடு கிடக்கிறது, தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், இந்தப் பாஷை தெரியாத ஊரில் உனக்கு என்ன வேலை என்றார்.

பாஷை தெரியாதாம்! மீன்காரியிடம் தமிழிலேயே பேரம் பேசி ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் அத்தை. மீன்காரி தெலுங்கிலேயே வைகிறாள். இரண்டு பேருக்கும் ஒருத்தியை விட்டு ஒருத்திக்குப் பொழுது போவதில்லை.

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கடைசியாகக் கேட்டார். அத்தை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"எனக்குப் பிரஷரு இருக்குடா. பாத்துக்க ஆளு வேணும். நீ என்ன நர்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன். கையில் கொஞ்சம் கருவாட்டைக் கட்டிக் கொடுத்து, காக்கிநாடா பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம்.