சவரிராயன் மீசை

ஞாயிறு, இரவு.

காலையில் மாதா கோயில் பூசையில் சாமியார், வசனத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மட்டும் விசுவாசம் ஆகாது, செயலில் காட்ட வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். என் மனைவி ரீத்தா விடவில்லை.

"தலையாட்டுனா போதுமா? பக்கத்து வீட்டுக்காரரு கை ஒடஞ்சு தனியா கெடக்குறாரு. போய்ப் பாருங்க."

சவரிராயனோடு பேசி இரண்டு வருடமாகிறது. அவர் வாசலில் நான் ஸ்கூட்டர் நிறுத்தியதில் வந்த சண்டை. அவர் மனைவி இப்போது மகள் பிரசவத்துக்காகப் பிரான்சில் இருக்கிறார்.

போனேன். வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது செய்யணுமா?" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வாரமா ஷேவ் பண்ணல."

இன்னொருவர் முகத்தில் நான் ரேசர் வைத்ததே இல்லை. கன்னம் நன்றாகத்தான் வந்தது. மீசையில் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. அதற்குச் சமமாக வலது பக்கம் எடுத்தேன். பிறகு மறுபடியும் இடது. கடைசியில் சமப்படுத்த மீசையே இல்லை. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த காலத்திலிருந்து வைத்திருந்த மீசை.

கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். "பேசாம இருந்த வரைக்கும் மீசையாவது இருந்துச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். ஸ்கூட்டருக்கும் சேர்த்தே கேட்டுவிட்டேன். நான் வாசலுக்கு வந்த பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"காலையில வாங்க. முதுகு தேய்க்கணும். அதுல எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஆறு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.