றஞ்சனி எங்கே நிற்பாள்

2025 யூன் 3, செவ்வாய்

தபால் கந்தோரில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. கடிதங்களுக்கு முத்திரை குத்திக் குத்தி வலது தோள் நோகிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே பரிஸிலிருந்து றஞ்சனியின் குரல் பதிவு. யூலை இருபத்தோராம் திகதி எங்கள் தீவுக்கு வருகிறார்களாம். அவள், அவளுடைய மனுசன், மகள் தாரிகா. என் ஒரே தங்கச்சியைக் கண்டு பத்தொன்பது வருடம்.

"அக்கா, ஐஞ்சு நாள் நிக்கப்போறம். கடற்கரையோட நல்ல ஸ்டைலான இடமாப் பாத்துச் சொல்லுங்கோ. அறையில இருந்து கடல் தெரியவேணும். தாரிகாவுக்கு நீச்சல் தடாகம் வேணுமாம். நெட்டில பாத்தா எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. நீங்கள்தானே பக்கத்தில இருக்கிறியள்."

பக்கத்தில் இருக்கிறேன்தான். போன மாதம், "வந்தா எங்க நிக்கப்போறாய்?" என்று கேட்டேன். அதற்கு இதுதான் பதில். வீட்டில் மூன்று அறை, அதில் ஒன்று சும்மா கிடக்கிறது. 'உங்களோட நிக்கிறன் அக்கா' என்று ஒரு சொல் அவள் வாயால் வரவில்லை. "ஓம், பாக்கிறன்" என்று எழுதி அனுப்பினேன்.

யூன் 4

சித்திரையில் அந்தச் சும்மா கிடந்த அறையோடு சேர்த்து ஒரு குளிப்பறை கட்டினோம். கொமட், கையில் பிடிக்கிற ஷவர், வெள்ளை ஓடு. என் முழங்காலுக்காகத்தான் என்று அன்ரனிதாஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கட்டின புருசனுக்கே காரணம் தெரியாது.

யூன் 8, ஞாயிறு

பூசை முடிய அவருடைய மோட்டார் சைக்கிளில் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி புதிதாக ஒரு விடுதி. போகும்போதே அது மோசமாக இருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு போனேன். பூசையில் இருந்துவிட்டு வந்து இப்படி ஒரு நேர்த்தி!

மோசமில்லை. வெள்ளைச் சுவர், மினுக்கிய சீமெந்து நிலம், கட்டிலுக்கு மேலே நுளம்புவலையைக் கல்யாணப் பெண்ணின் முக்காடு மாதிரிக் கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டிலில் படுத்தபடியே கடல் தெரியும். வரவேற்பு அறையில் ஒரு பழைய வள்ளத்தைக் குறுக்கே அறுத்து நிமிர்த்தி, உள்ளே தட்டுகள் அடித்து அலுமாரி ஆக்கியிருக்கிறார்கள். அன்ரனிதாஸ் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது ஓடின வள்ளம். இஞ்ச பாரும், எஞ்சின் பூட்டின அடையாளம்" என்றார். பிறகு சுவரில் தொங்கிய வலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கிழிசலைத் தொங்கவிட்டால் ஸ்டைலோ? எங்கட கொட்டிலையும் ஆரேன் வந்து பாக்கச் சொல்லும்" என்றார். அங்கே வேலைக்கு நின்ற பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

வடிவான படங்கள் நாற்பதுக்கு மேல் எடுத்தேன். றஞ்சனிக்கு ஒன்றைத்தான் அனுப்பினேன். சோளகக் காற்றுக்குக் கரையில் ஒதுங்கி அழுகிக் கிடந்த சாதாளைக் கடற்புல் குவியலின் படம். 'மணம் தாங்கேலாது' என்று கீழே எழுதினேன்.

பாதிப் பொய். சாதாளை கிடந்தது உண்மை. அது விடுதிக்கு முன்னால் கிடக்கவில்லை.

யூன் 10

'ஐயோ வேண்டாம் அக்கா, வேற பாருங்கோ.' மூக்கைப் பொத்துகிற மூன்று மஞ்சள் முகங்கள்.

யூன் 14, சனி

இன்றைக்கு இரண்டாவது இடம். அவர் கடலுக்குப் போய் வந்து படுத்துவிட்டார், நான் தனியே பஸ்ஸில் போனேன். கரம்பன் பக்கம், பழைய கல்வீடு ஒன்றைத் திருத்தி விடுதி ஆக்கியிருக்கிறார்கள். மனேஜர் துர்க்கா என்று ஒரு இளம்பெண். "நீங்கள் எந்த ஏஜன்சி, அன்ரி?" என்று கேட்டாள். தங்கச்சிக்காகப் பார்க்க வந்தேன் என்றால் அடுத்த கேள்வி வருமே, ஏன் உங்களோடு நிற்கவில்லை என்று. "கொழும்பில ஒரு ஏஜன்சி" என்றேன். இந்த வயதில் இதுவும் ஒரு பொய்.

மேல்மாடி அறையைத் திறந்துவிட்டுக் கீழே போய்விட்டாள். மெத்தை எப்படி என்று பார்க்கத்தான் இருந்தேன். பிறகு காலை நீட்டினேன். கண் முழித்தபோது ஒன்றரை மணித்தியாலம் போயிருந்தது. யாரோ மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெட்கத்தில் செத்துப்போனேன். கீழே இறங்கிவந்தால் துர்க்கா தேத்தண்ணியோடு நிற்கிறாள். "நல்லா அலுத்துப்போனியள் போல, அதான் எழுப்பேல்லை" என்றாள்.

அந்தப் பிள்ளையின் இடத்தைப் பற்றி, ஓட்டுக்குள் வௌவால், இரவிரவாக நாய் குரைக்கிறது என்று றஞ்சனிக்கு எழுதினேன். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

யூன் 15

இரண்டு இடம் கழிந்தது. இன்னும் ஒன்றிரண்டைக் கழித்துவிட்டால், 'சரி அக்கா, உங்களோடயே நிக்கிறன்' என்று அவளாகச் சொல்லுவாள். அவளாகச் சொல்லவேண்டும். நான் கேட்டு, அவள் தாரிகாவைச் சாட்டி ஏலாது என்று சொன்னால் அதை என்னால் தாங்க முடியாது.

கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வைத்திருக்கிறேன். இள நீலம்.

யூன் 22, ஞாயிறு

'அக்கா, உங்கட பக்கம் சரிவராது போல. நீங்களும் அலைஞ்சு களைச்சுப்போனியள். அவர் நிலாவெளியில பாத்திட்டார், வடிவான இடம். ஐஞ்சு நாளும் அங்கதான். ஒரு நாள் வான் பிடிச்சு வந்து உங்களைப் பாத்திட்டுப் பின்னேரம் திரும்பிறம்.'

ஒரு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு. நிலாவெளி எங்க, திருகோணமலையில. அங்கயிருந்து இஞ்ச எவ்வளவு தூரம்? வந்து இறங்க, சாப்பிட, கை கழுவ, ஏற. எனக்கு இது வேணும். நல்லா வேணும். சாட்டியில நிண்டிருந்தாலாவது ஒவ்வொரு நாளும் போய்க் கண்டிருப்பனே! பக்கத்தில வரவிருந்தவளை நானே அடிச்சுக் கலைச்சிட்டன்.

அன்ரனிதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குளிப்பறை உட்பட. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அப்ப முழங்காலுக்கில்லையோ?" என்றார். நூலை அறுத்துவிட்டு, "போன் எடுத்துச் சொல்லும். பொய்யெண்டு சொல்லும். அதுக்கு மிஞ்சி என்ன வரப்போகுது?" என்றார்.

யூன் 24

எடுத்தேன். பரிஸில் மத்தியானம், அவள் வேலையிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சாட்டி நல்ல இடம், கரம்பனில் வௌவால் இல்லை, நான் சொன்னதெல்லாம் பொய்.

"ஏன் அக்கா?"

"நீ இஞ்ச வந்து நிப்பாய் எண்டு."

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னை எப்ப வந்து நிக்கச் சொன்னனீங்கள்? எங்க நிக்கப்போறாய் எண்டுதானே கேட்டனீங்கள். ஆரோ பிறத்தியாரைக் கேக்கிற மாதிரி. சரி, அக்கா விரும்பேல்லை எண்டுதான் விடுதி பாக்கச் சொன்னனான். அப்பவாவது, என்னத்துக்கடி விடுதி எண்டு பேசுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஓம் பாக்கிறன் எண்டு எழுதினீங்கள்."

"சொல்லவேணுமே றஞ்சி? அம்மான்ர வீடு."

"அம்மான்ர செத்தவீட்டண்டு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவளே சொன்னாள். "இனி நீ இந்த வீட்டுப் படி ஏறாதை எண்டனீங்கள்."

பிறகு, வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

அதை மறந்துபோனேன் என்று எழுதினால் அதுவும் பொய். 2011. பெட்டி மூடப்போகிறார்கள், நான் வாசலில் நிற்கிறேன், போனில் அவள் அழுகிறாள். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் அவள் எப்படி வருவாள்? எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். மூன்று வருடம் அம்மாவைத் தூக்கிக் கழுவியது நான், மற்ற மகள் எங்கே என்று சனம் கேட்டதும் என்னிடம்தான். யாரையாவது கடிக்கவேண்டும் போலிருந்தது. பதினாலு வருடமாக வாரத்துக்கு ஒருமுறை கதைக்கிறோம், மீன் விலை, மழை, தாரிகாவின் பரீட்சை. அந்தச் சொல் அவளிடம் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. என்னிடமும்தான்.

யூன் 25

ஆறு முறை குரல் பதிவு செய்து ஆறையும் அழித்தேன். ஏழாவது போய்விட்டது. "அண்டைக்கு அப்பிடிச் சொன்னது பிழை. வீட்ட வந்து நில், றஞ்சி." அவ்வளவுதான்.

யூன் 26

கேட்டிருக்கிறாள். நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

யூன் 28

இல்லை.

யூன் 30, திங்கள்

காலையில் கந்தோருக்கு வெளிக்கிடும்போது அவள் எழுதியிருந்தாள். 'சாட்டிப் படங்கள் இருந்தா எல்லாத்தையும் அனுப்புங்கோ.' நின்ற நிலையிலேயே அனுப்பினேன். மத்தியானம் தாரிகாவின் குரல் வந்தது. அரைவாசி பிரெஞ்சு, 'வள்ளம்' ஒன்றுதான் விளங்கியது, ஆனால் கத்தல் சந்தோசக் கத்தல். அறுத்த வள்ளம் அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம். அதன் கீழே றஞ்சனி: 'நிலாவெளியை விட்டாச்சு. அவையள் ரெண்டு பேரும் சாட்டியில நிக்கட்டும். நான் உங்களோட.'

கடிதம் பதியவந்த பிலோமினம்மா, "ஏன் பிள்ளை கண் கலங்கியிருக்கு?" என்று கேட்டார். தூசி என்றேன். பொய் சொல்வது இப்போது பழகிவிட்டது.

யூலை 19

வீடு கழுவினேன். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டது. ஒரு பக்கத்தால் ஏன் வருகிறாள் என்றும் இருக்கிறது.

யூலை 21, திங்கள்

லீவு போட்டேன். பதினொரு மணிக்கு வான் வந்தது. மற்ற இருவரையும் சாட்டியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள், முகத்தில் அம்மாவின் நாடி. அன்ரனிதாஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாரும், வாரும்" என்றபடி உள்ளே போனார். அவள் வரவில்லை. படிக்குக் கீழே, வெயிலுக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. போனில் சொன்னது போதாது. எந்த வாசலில் நின்று ஏறாதே என்றேனோ, அந்த வாசலிலேயே சொல்லவேண்டும். இறங்கிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஏறு" என்றேன். ஏறினாள். உள்ளே வந்தபிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். அன்ரனிதாஸ் பெட்டியோடு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

சாப்பிட்டாள். ஒரு பெட்டி நிறையத் தன்னுடைய தலையணையும் விரிப்பும் கொண்டுவந்திருக்கிறாள். முதுகு ஏலாதாம். என்னுடைய இள நீல விரிப்பை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைச் சொன்னேன். அவளும் திருப்பிச் சொன்னாள்.

இப்போது குளிக்கிறாள். தண்ணீர் உப்பு, சவர்க்காரம் நுரைக்கவில்லை, ஷவர் ஒழுகுகிறது, யார் பூட்டியது என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். விடுதியில் என்றால் மனேஜரிடம் மரியாதையாகச் சொல்லியிருப்பாள். "அக்கா! கேக்குதோ இல்லையோ?"

கேட்கிறது. இன்னும் நாலு நாள் கேட்கவேண்டும்.