ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் எங்கள் பேச்சு. அப்பாவின் முழங்கால் போன மாதத்துக்கு இப்போது தேவலை, மாடி ஏறும்போது மட்டும் கைப்பிடியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். உன் அறை ஜன்னலுக்குக் கொக்கி மாற்றியாகிவிட்டது. மேல் வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள், புதிதாக வந்திருப்பவர்கள் நடக்கிற சத்தமே கேட்கவில்லை, அப்பாவுக்கு இப்போது அதுவும் ஒரு கவலை. ஃபைனல் எப்படிப் போச்சும்மா என்று நீ போனில் மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் நல்லாப் போச்சு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுசையும் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ நடுவிலேயே, விடும்மா, வேணும்னா செஞ்ச என்று சொல்லிவிடுவாய், எனக்கும் அது போதும் என்று தோன்றிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பெண்கள் ஹாக்கி சங்கத்தின் விளம்பரப் பொறுப்பை நான் இழுத்துப் போட்டுக்கொண்டது உனக்குத் தெரியும். போன வருட ஃபைனலுக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். நான் ஒவ்வொரு தலையாக எண்ணினேன், அதில் பாதி ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள், ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இந்த வருடமும் பார்வையாளர் படிக்கட்டில் பாதியாவது நிறையாவிட்டால் மைதானத்தை வண்டி நிறுத்துவதற்குக் கொடுத்துவிடுவோம் என்று விளையாட்டுத் துறை அதிகாரி கடிதமே அனுப்பிவிட்டார். தொழிற்சாலையிலும் தையல் கூடத்திலும் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து ஆடுகிற பெண்கள், அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு மைதானம்தான். நானும் விடாமல் அலைந்தேன். பஸ் நிறுத்தங்களில் போஸ்டர் ஒட்ட ஆள் பிடித்தேன், ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசல்களில் நின்று நோட்டீஸ் கொடுத்தேன், பாதிப் பேர் அதை வாங்கி வியர்வை துடைத்துக்கொண்டார்கள். எஃப்.எம்.மில் பத்து நொடி அறிவிப்பு ஒன்று கிடைத்தது, அதிலும் தேதியைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். அந்த வாரம் உன்னிடம் புலம்பியபோது நீ சொன்னாய், மேட்சை யாரும் பாக்க வரமாட்டாங்கம்மா, ஒரு முகத்தைக் காட்டு, அந்த முகத்தைப் பாக்க வருவாங்க என்று. உன் விளம்பரத் தொழிலில் நீ கற்றது அது, தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். அந்தச் சமயம் என் கையில் எப்படிப்பட்ட முகம் இருந்தது என்று உன்னிடம் நான் சொல்லவில்லை, அது என் தப்பு.

நம் அணியின் கேப்டனை உனக்குத் தெரியும், எல்லாரும் பூட்டு என்று கூப்பிடுவார்களே, பின்னால் நின்று ஆடுகிறவள், அவளைத் தாண்டி ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை. அவள் புருஷன் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ஃபைனலுக்குப் பதினாறு நாள் முன்னால் அங்கே ஒரு விபத்தில் போய்விட்டார். உடலைக் கொண்டுவரக் காகிதங்கள் முடிய மூன்று வாரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சேதியை அவள் பயிற்சியாளரிடமும் என்னிடமும் மட்டும்தான் சொன்னாள். மூன்றாவது படிக்கும் மகளிடம் கூடச் சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் காலுறையை இழுத்து விட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள், அவர் வந்து சேரட்டும்க்கா, அப்ப பாப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் யாருக்கும் வேண்டாம், நானும் விளையாடிக்கிட்டே இருந்துடறேன், சும்மா உக்காந்தா என்னால முடியாது என்று. நான் அவள் தோளில் கை வைத்து, என்னைத் தாண்டிப் போகாதும்மா என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஃபைனல் சனிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை விளையாட்டுப் பக்கத்து நிருபருக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷர்தான், ஆனால் எங்கள் செய்தியை இத்தனை வருடமும் தீப்பெட்டி அளவுக்கு மேல் போட்டதில்லை. அன்றைக்கும் சலிப்பாக, மேட்ச் நியூஸ யாரு மேடம் படிக்கிறாங்க, ஆள் நியூஸ் ஏதாவது இருந்தா சொல்லுங்க, கால் பக்கம் போடுறேன் என்றார். எனக்கு அந்த அதிகாரியின் கடிதம் மேஜை மேலேயே கண்ணெதிரில் கிடந்தது. சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகு, பேர் மட்டும் போட்டுடாதீங்க என்றேன், என்னமோ அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல. அவரும் வாக்குத் தவறவில்லை, பேர் போடவில்லை, படத்தைப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலைத் தாளில் அவள் மட்டையோடு நிற்கும் படம், நான்தான் போன வருடம் அனுப்பியது, மேலே பெரிதாகக் கண்ணீரை மறைத்துக் களமிறங்கும் கேப்டன் என்று தலைப்பு. ஒன்பது மணிக்குள் இரண்டு டி.வி.க்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மத்தியானம் சங்கத்து அறையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பூட்டு வந்து வாசல்படியிலேயே நின்றாள், தொழிற்சாலை உடுப்பில், தலைக்குக் கட்டும் வலையைக் கூடக் கழற்றாமல். அக்கா, பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு என்றாள். காலையில் குழந்தை வகுப்புக்குள் நுழைந்ததும் வகுப்பு டீச்சர் கட்டிப் பிடித்து அழுதிருக்கிறார், குழந்தைக்கு எதற்கென்றே விளங்கவில்லை, அப்புறம் ஆசிரியர் அறை மேஜையில் கிடந்த தாளை எடுத்துத் தானே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, இது எப்படி வெளியில போச்சுன்னே தெரியலம்மா என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தாள், பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை திட்டவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் டி.வி.யை அணைத்துவிட்டு, நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பாக்கப்போற என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை படிக்கட்டில் தொள்ளாயிரம் பேருக்குக் குறையாது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு கூட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை என்று புல் வெட்டுகிறவர் சொன்னார். இரண்டு டி.வி. கேமராக்கள், எஃப்.எம்.காரர்கள், நான் எத்தனையோ முறை கெஞ்சியும் வராதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பூட்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நேராக என்னிடம் வந்தாள். வீட்ல ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க, இவளை அங்க விட்டுட்டு வர முடியல, மேட்ச் முடியற வரைக்கும் உங்க பக்கத்துல இருக்கட்டும் என்றாள். எதற்கு என்னிடம் விட்டாள் என்று இன்னமும் யோசிக்கிறேன். தண்டனையாக இருக்கலாம், வேறு ஆள் இல்லாமலும் இருக்கலாம்.

குழந்தை பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, நீங்கதான் பேப்பர்ல போடச் சொன்னீங்களா ஆன்ட்டி என்று கேட்டாள். முந்தின நாள் அவள் அம்மாவிடம் சொன்ன பொய்யை இவளிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமாம்மா, நான்தான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டு, பேப்பர்ல தப்பா வந்துட்டா மறுநாள் திருத்திப் போடுவாங்களா என்றாள். அப்பா விஷயம் தப்பில்லைம்மா, அது நெசம்தான், அதைத் திருத்த முடியாதும்மா என்று எப்படியோ சொன்னேன். அது தெரியும் ஆன்ட்டி என்றாள், அம்மா சொல்லிட்டாங்க. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். கூலித் தொழிலாளியான கணவர் என்று இருந்தது. எங்க அப்பா கிரேன் ஓட்டுறவங்க, அதுக்குப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருக்காங்க, இதுல தப்பா போட்டிருக்காங்க என்றாள். நிருபர் கேட்டபோது எனக்கு அவள் அப்பாவின் வேலை என்னவென்றே தெரியாது கண்ணு, ஏதோ துறைமுகத்துல கூலி வேலைன்னு நினைக்கிறேன் என்று நான்தான் சொல்லி வைத்தேன்.

இடைவேளையில் அந்த விளையாட்டுத் துறை அதிகாரி வாயெல்லாம் பல்லாக வந்தார். கேப்டனையும் குழந்தையையும் நடு மைதானத்துக்குக் கூப்பிடுங்க, ஒரு நிமிஷம் மௌனமா நிக்கலாம், டி.வி.ல நல்லா வரும் என்று மைக்கை என் கையில் கொடுத்தார். அவங்களைக் கேக்காம நான் கூப்பிட மாட்டேன் சார், இப்ப போய்க் கேக்கவும் மாட்டேன் என்று மைக்கை என் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. குழந்தை என் புடவைத் தலைப்பைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். நம் பக்கத்து ஒரே கோலைத் தையல் கூடத்தில் பொத்தான் வைக்கிற பெண் அடித்தாள், பத்தொன்பது வயது, வலது ஓரத்திலிருந்து நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு போய் அடித்த கோல். அதற்கு இன்றைக்கு எங்கேயும் படம் கிடையாது, இரண்டு கேமராவும் அந்த நேரத்தில் பூட்டின் முகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் அந்தப் பெண் என்னிடம் வந்து, அம்மாவுக்குக் காட்டணும், கோல் அடிச்சது எந்த டி.வி.ல வந்துச்சு மேடம் என்று கேட்டாள். எதிலும் வரவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. மைதானத்தை மூன்று வருடத்துக்கு எங்களுக்கே கொடுத்துவிட்டதாகத் திங்கட்கிழமை உத்தரவு வந்தது. சங்கத்தில் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

அதே திங்கட்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு வார்த்தைக்கா திருத்தம் மேடம், இதெல்லாம் யாரும் கவனிச்சிருக்கவே மாட்டாங்க என்றார் நிருபர். ஒரு ஆள் கவனிச்சிருக்கா என்றேன். மூன்று மேஜைக்கு அனுப்பினார்கள், கடைசியில் பத்திரிகை ஆசிரியரின் அறை வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். புதன்கிழமை ஏழாம் பக்கத்தில், வாடகை விளம்பரங்களுக்கு மேலே இரண்டு வரி வந்தது. தாளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் பூட்டின் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் கேட்க வந்ததைக் கேட்க விடவுமில்லை. மன்னிப்பு பத்தியெல்லாம் இப்ப வேண்டாம்க்கா, எனக்கு அதுக்கு இடமில்ல என்றாள். சரி என்றேன். தாளை மகளிடம் கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே, மறைந்தவர் கிரேன் ஓட்டுநர் என்று திருத்தி வாசிக்கவும் என்று சத்தமாகப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பூட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இத்தனை நாளில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் படியிறங்கி வந்துவிட்டேன். மறுநாள் அவள் புருஷன் வந்து சேர்ந்தார், பெட்டியில்.

விளம்பர வேலையை நான் விடவில்லை கண்ணு, விட்டுவிட்டால் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இனிமேல் யாரைப் பற்றி எழுதினாலும் அவளே படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும், சங்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். நீயும் உன் அலுவலகத்தில் ஒரு முகத்தை எடுத்து வைக்கும்போது அந்த முகத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேள், அம்மா சொன்னதாக நினைத்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடியில்லாமல், மன நிறைவோடு பல்லாண்டு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். பல் டாக்டரிடம் போவதை இந்த மாதமும் தள்ளிப் போடாதே. பதில் எழுது, இரண்டு வரியானாலும் உன் கையெழுத்தில் எழுது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா