பாதி வாரத்து அப்பா

மகளுக்குச் சேரவேண்டிய உங்கள் பி.எஃப். விஷயமாக இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவரின் சட்டையில் மில் எண்ணெய் வாடை. உங்கள் வாடை. நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. எனக்கு எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

பிரியும்போது நாம் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். மகள் பாதி வாரம் ராஜபாளையத்தில் உங்களோடு, பாதி வாரம் இங்கே என்னோடு. அதை வைத்தே கோர்ட்டு வராந்தாவில் மல்லுக்கு நின்றீர்கள். "பிள்ள பாதி நாள் எங்கூடத்தான இருக்கா? பொறவு உனக்கு எதுக்குப் பணம்?"

பள்ளிக்கூட ஃபீஸும் வேன் வாடகையும் கட்டியது நான். உங்கள் சூப்பர்வைசர் சம்பளத்தில் பாதிகூட இல்லை, என் துணிக்கடைச் சம்பளம். நாட்கள் சமமென்றாலும் வருமானம் சமமில்லையே என்று நீதிபதி பொறுமையாகச் சொல்லி, பிள்ளையின் பராமரிப்புக்கு மாதாமாதம் தரச் சொன்னார். தந்தீர்கள். ஆனால் ஒரு மாதமும் முழுசாக இல்லை. அவளுக்குச் செருப்பு வாங்கினால் கழிப்பீர்கள், இருமல் மருந்து வாங்கினால் கழிப்பீர்கள். கழித்ததை போனில் செய்தியாக வேறு அனுப்புவீர்கள். பார்த்தாலே மண்டை காயும். மறுபடி வக்கீலிடம் போக எனக்குத் தெம்பில்லை.

ஒரு சனிக்கிழமை, அவளை அழைத்துப்போக அங்கே வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவளுக்கு இன்னொரு புரோட்டா சொன்னீர்கள். அவள் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. அம்மா பணத்துல கழிச்சிருவீங்க."

சப்ளையர் புரோட்டாவோடு அப்படியே நின்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"கழிக்க மாட்டேன். சாப்பிடு தாயி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் கையை எடுத்தாள்.

அடுத்த மாதம் முழுத் தொகையும் வந்தது. செய்தி வரவில்லை. அதற்குப் பிறகும் அப்படித்தான். நாமும் மனுஷர்களைப் போலப் பேச ஆரம்பித்திருந்தோம். அதற்குள் நெஞ்சுவலி என்று மில்லிலிருந்து உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்துசேர்வதற்குள் முடிந்துவிட்டது. திருந்திய கையோடு போய்ச்சேர வேண்டுமென்று உங்களிடம் யார் அழுதது?

இப்போது வாரம் முழுக்க அவள் என்னோடுதான். நேற்று சைக்கிள் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். "போய் உங்கப்பாகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். வாய் இன்னும் பழசிலேயே இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?