மறுபடியும் பயறுதான்

பாப்பா,

டிப்போவில் முதல் பஸ்ஸை இன்றைக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள், அதனால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். பயறு வேகவைத்து அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். ஆப்பிளில் அடிபட்ட பக்கத்தை வெட்டிவிட்டேன். மிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, காலேஜுக்குக் கொண்டு போ.

நேற்று ரத்தம் குறைவு என்று வந்த உன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வெளியில கண்டதையும் தின்னா இப்படித்தான் ஆகும்" என்று கத்தினேன். "நான் எங்கப்பா வெளியில தின்னேன்? மூணு மாசமா நீங்க வேகவச்ச பயறுதானே" என்றாய். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். டாக்டர் சொன்ன மீன், ஈரல், தினம் ஒரு முட்டை எல்லாம் என் சம்பளத்தில் ஆகாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, கோபம்தான் வந்தது.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ, மத்தியானம் அத்தை வருவாள். ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்டால், பரீட்சை என்று சொல்லிவிடு.

அப்பா

பி.கு. திங்கட்கிழமை மறுபடியும் ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்த அளவு கூடியிருக்காது என்று எனக்கும் தெரியும். தனியாகப் போகாதே, லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன்.