ஜாத்திரைக்கு மறுநாள்

6-5-1997

இடது கையெழுத்து கொஞ்சம் நேராகிவிட்டது. ‘க’ மட்டும் இன்னும் சரிகிறது. கல்பனா என்ற பேரே அதில்தான் ஆரம்பிக்கிறது, என்ன செய்ய!

மாம்பழக்கூழ் கம்பெனி சூப்பர்வைசர் கோவர்த்தனன் வீட்டுக்கு வந்தான். ரெண்டு வருஷம் முன்னால், ஊர் கெங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு மறுநாள், ஆளில்லை என்று பழக்கமில்லாத மெஷினில் என்னை நிறுத்தியவன் இவன்தான். வலது கையில் மூன்று விரல் போனது.

“இந்த ஜாத்திரை முடியட்டும்மா, ஓனரே நஷ்டஈடு குடுத்துருவாரு. கேஸுன்னு எதுக்கு அலைஞ்சிக்கினு? அதுக்கு ரெண்டு வருஷம் டைம் கீதே.”

“எழுதிக் குடு சார்” என்றேன். மூஞ்சி செத்துப்போச்சு. பையிலிருந்த கம்பெனி கேட்பாஸ் சீட்டின் பின்னால் சொன்னதைத் தெலுங்கில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டான்.

ஜாத்திரை 27-ஆம் தேதி என்று ஊரில் நாள் குறித்திருக்கிறார்கள். மறுநாளோடுதானே ரெண்டு வருஷம்? பொறுக்கலாம்.

20-5-1997

ஊக்கு மாட்ட இன்றைக்கும் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். எரிச்சல்.

28-5-1997

கம்பெனிக்குப் போனேன். கோவர்த்தனன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். “டைம் அயிப்போயிந்தி, கல்பனா.” தெலுங்கில் சொல்லிச் சிரிப்பு வேறு. டைம் எப்படி முடியும்? இன்றைக்குத்தானே மறுநாள்?

29-5-1997

சித்தூர் வக்கீல் வேதாச்சலம் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். “அடிபட்டது 17-5-95. இந்த மே 17-ஓடவே கெடு முடிஞ்சிபோச்சேம்மா.”

“ஜாத்திரைக்கு மறுநாள் சார்!”

“அந்த வருஷம் ஜாத்திரை 16. இந்த வருஷம் 27. சட்டத்துக்கு ஜாத்திரை தெரியாதும்மா.”

பன்னிரண்டு நாள்! படுபாவி, தெரிஞ்சேதான் சொல்லிகிறான். நான் மட்டும்? பத்தாவது படிச்சவ, காலண்டரப் பாக்காம கூழு ஊத்தற நாள எண்ணிக்கினு இருந்தேன். த்தூ, என் புத்தில மண்ணு.

கோபத்தில் அந்தக் கேட்பாஸை மேஜையில் வீசினேன். வக்கீல் எடுத்துப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். “இத மொதல்லயே காட்டக்கூடாதாம்மா? தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தா லேபர் ஆபீசர் ஏத்துக்கலாம்.”

2-6-1997

கையெழுத்துப் போடுமுன் வக்கீல் தமிழில் படித்துக்காட்டினார். தலைப்பு — தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு.

மன்னிக்கவா? யாரு யார? விரலு போனது எனக்கு, ஏமாத்தினது அவன், மன்னிப்பு மட்டும் நான் கேக்கணுமா?

“அது சட்டத்து வார்த்தைம்மா, போடு” என்றார். போட்டேன். ஆத்திரத்தில் பேனாவை அழுத்தினதிலோ என்னவோ, ‘க’ நேராக விழுந்தது.

11-8-1997

லேபர் ஆபீசர் கோவர்த்தனனின் சீட்டைச் சத்தமாகவே படித்தார். தாமதம் மன்னிக்கப்பட்டதாம். கேஸுக்கு நம்பர் போட்டார்கள். கம்பெனிக்கு நோட்டீஸ் போகிறது. வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு துன்னேன்.

24-8-1997

குடிபாலா பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கோவர்த்தனன் பக்கத்தில் வந்து நின்றான். சீட்டு எழுதிக் கொடுத்ததற்காக வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம்.

“மனசுல வெச்சிக்காதம்மா. ஓனரு சொன்னத செஞ்சேன். மன்னிச்சிரு.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டே சொன்னேன்: “மனு போடு சார். காரணம் எழுது. தேதியும் போடு, காலண்டரப் பாத்து.”